குடியிருப்போர் சங்கத்துக்கு வந்த கண்ணாடிக்காரர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்கு யாரும் தானாக விரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. வாட்ச்மேனை வீடு வீடாக அனுப்பிக் கதவைத் தட்டச் சொன்னால், "இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வரும், ஆள் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன். நான் போகாத ஒரு கூட்டத்தில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வராதவர்களுக்கு அதுதான் தண்டனை என்று பிறகுதான் புரிந்தது.

அதனால், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்த்தள அறையைத் திறக்கப் போனபோது, குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வாசலில் காத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூட்டம் இங்கதானுங்களே?" என்றார். இங்கேதான் என்றேன். உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் முதல் வரிசையில் அதுவரை உட்கார்ந்தது தூசி மட்டும்தான். புதிதாக வாடகைக்கு வந்தவராக இருக்கும், பாவம், போகப்போகத் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வாடகைக்கு வந்தவர் இல்லை. கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மேசைமேல் போடும் கண்ணாடி எல்லாம் வெட்டிக் கொண்டுபோய் மாட்டித் தருவார். இதை எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதுங்க மேடம், பேரை மட்டும் போட்டுடாதீங்க. எங்க கூட்டத்துப் பேருங்க வெளிய போகக்கூடாது" என்றார். அதனால் யார் பேரையும் நான் போடவில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்துகொண்டது.

கண்ணாடி வெட்டுவதில் கைதான் எல்லாம். அளவுகோலை அணைத்து வைத்து, சின்னச் சக்கரம் பொருத்திய கட்டரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றாலும் போச்சு, நடுங்கினாலும் போச்சு. போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். இவர் அந்த இழுப்பில் கில்லாடி. ஆள் உயரக் கண்ணாடியை மூச்சு விடாமல் ஒரே கோடாக இழுத்து, ஓரத்தில் லேசாகத் தட்டினால் இரண்டாக வந்துவிடுமாம். கல்யாணம் ஆன புதிதில் அதைப் பார்ப்பதற்கென்றே மனைவி கடைக்கு வந்து நிற்பாராம்.

குடி எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் இல்லை. துக்கமும் இல்லை, துரோகமும் இல்லை. ஒரு பெரிய கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்டி முடித்த அன்று கூட வேலை செய்தவர்கள் ஊற்றிக் கொடுத்தார்கள், உடம்பு வலிக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் பெரிய வேலை முடிந்தால் குடித்தார். அப்புறம் சின்ன வேலைகளும் பெரிய வேலைகளாகத் தெரிய ஆரம்பித்தன. ஒருநாள் காலையில் கட்டரை எடுத்தபோது கை நடுங்கியது. ஒரு மடக்கு உள்ளே போனதும் நின்றது. அன்றிலிருந்து கை நிற்பதற்காகக் குடித்தார், குடித்ததால் மறுநாள் கை நிற்கவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது பக்கத்துக் கடைக்காரர்கள்மேல்தான். "அவன் குடிச்சாலும் தொழில்ல சுத்தம்ப்பா" என்று எல்லாரும் சேர்ந்து ஒரு நற்சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாராட்டை நம்பியே மனிதர் பல வருஷம் ஓட்டிவிட்டார். மனைவி ஏதாவது கேட்டால், "நான் என்ன குடிகாரனா? கடையத் தொறக்கலையா, வேல செய்யலையா?" என்று எகிறுவார். நல்ல பாராட்டு ஒரு ஆளை இந்த அளவுக்குக் கெடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தச் சான்றிதழ் ஒரு மத்தியானம் கிழிந்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் அவர் மாட்டிய பெரிய கண்ணாடி, மாட்டிய மறுநாளே சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு கீழே வந்தது. திருகாணிகளில் பாதியைத்தான் முடுக்கியிருந்தார். தினமும் அந்த இடத்தில்தான் அந்த வீட்டுக் குழந்தையைப் பாய் போட்டுத் தூங்க வைப்பார்களாம். அன்று குழந்தை அழுததால் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் நேராக இவர் வீட்டுக்குப் போய், கத்தாமல், திட்டாமல், நடந்ததை மட்டும் இவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் மனைவி சொன்னார். "நீ குடிக்கறத விடுவியோ மாட்டியோ, அத அப்புறம் பாக்கலாம். நான் குடிகாரன்னு உன் வாயால நாலு பேர் முன்னாடி சொல்லு. சொல்லிட்டு வீட்டுக்கு வா. அது வரைக்கும் கடையிலயே படுத்துக்கோ."

அவர் கடையில் படுத்தார். கண்ணாடிகளை நிறுத்தி வைக்கும் மரச்சட்டங்களுக்கு நடுவில் ஆள் நீட்டிப் படுக்கத்தான் இடம். விடிந்து எழுந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகமே அவரைப் பார்க்கும். மூன்று மாதம் வீம்பாக இருந்தார். கடைசியில் ஒரு டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்தினார். அங்கிருந்த நர்ஸ்தான், குடி மறந்தோர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமைதோறும் கூடுகிறார்கள், போய் உட்காருங்கள் என்றார். "நீலக் கட்டடம் தாண்டி, ரெண்டு சிக்னல் தள்ளி, பிரிண்டிங் பிரஸ் மாடியில" என்று வழியும் சொன்னார். வெட்கத்தில் இவர் காதில் விழுந்தது நீலக் கட்டடம் மட்டும்தான்.

எங்களுடையதுதான் நீலக் கட்டடம். வாசலில் வந்து வாட்ச்மேனிடம், "அண்ணே, இங்க குடி... குடி சங்கக் கூட்டம்..." என்று இழுத்திருக்கிறார். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வாட்ச்மேன் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டார். "குடியிருப்போர் சங்கமா? நேரா போய் எடது பக்கம். போங்க போங்க, ஆளே இல்ல, சந்தோஷப்படுவாங்க."

அறைக்குள் எங்கள் சங்கத்தின் பலகை வேறு மாட்டியிருக்கிறது. எழுதிய பெயின்டர் முதல் வரியில் 'குடி' என்று ஆள் பருமனுக்கு எழுதிவிட்டு, இடம் போதாமல் 'யிருப்போர் நலச் சங்கம்' என்பதை அடியில் நசுக்கி எழுதியிருந்தார். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். குடி இருப்போர். குடி உள்ளவர்கள். அவர்களுடைய நலனுக்கு ஒரு சங்கம். தமிழ்ப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பிரச்சினை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அதனால் வழக்கத்துக்கு மாறாக எட்டுப் பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஆட்சேபணையும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. நான் "வணக்கம்" என்று சொன்னாலே, "ஆட்சேபணை! இது பேச எடுத்துக்கற விஷயமா?" என்று எழுந்து நிற்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறே முக்கால் வாக்கில் யாரோடாவது சண்டை பிடித்துக்கொண்டு வெளிநடப்பு செய்துவிடுவார்.

மேல்மாடிப் பெரியவர் ஆரம்பித்தார். "மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்குக் காலையில அஞ்சு மணிக்கே தண்ணி வேணும். இல்லன்னா எந்த வேலையும் ஓடாது."

கண்ணாடிக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். "எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு" என்றார்.

அடுத்து முதல் மாடி அக்கா எழுந்தார். எங்கள் கட்டடத்தின் இடியும் மின்னலும் அவர்தான். "எங்க வீட்டுல மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் என்ன பாடு படறேன்னு எனக்குத்தான் தெரியும்!"

கைதட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் கண் கலங்கக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கிண்டலா?" என்றார் அக்கா.

"இல்லீங்க அக்கா. மூணு நாள்னா சும்மாவா? நீங்க பெரிய ஆளுங்க" என்றார் அவர். அக்காவை அப்படி யாரும் அதுவரை பாராட்டியதில்லை. சண்டையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் மாடிக்காரர் அடுத்த குண்டைப் போட்டார். "நான் ஒண்ணு சொல்றேன். எல்லாரும் தூங்கினப்புறம் யாரோ திருட்டுத்தனமா தண்ணி எடுக்கறாங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"நானும் அப்படி எடுத்திருக்கேங்க" என்றார் கண்ணாடிக்காரர். "பொண்டாட்டி புள்ள தூங்கினப்புறம், லைட்டக்கூடப் போடாம."

அறையே திரும்பியது. திருடன் தானாக வந்து ஒப்புக்கொண்ட சங்கம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். "எந்த வீடு நீங்க?" என்று இரண்டாம் மாடிக்காரர் எழுந்தே விட்டார்.

கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். "எனக்கு வீடு இருக்குங்க. இப்ப கடையிலதான் படுக்கறேன்" என்றார். "நான் குடிகாரனுங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நாலு பேர் முன்னாடி சொல்லிட்டு வீட்டுக்கு வான்னா என் பொண்டாட்டி. ஞாயித்துக்கிழமையில இருந்து தொடல. கை நடுங்குது, கண்ணாடி வெட்ட முடியல. நான் மாட்டின கண்ணாடி ஒரு கொழந்த மேல விழ இருந்துச்சு. விழல. ஆனா எனக்குத் தெனமும் விழுந்துட்டேதான் இருக்கு."

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். மற்றவர்களின் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாகச் சம்பாதிக்கிறேன். ஒரு ஆள் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்த்தாலே அவருக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அவர் நாற்காலியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் எனக்கு எல்லாமே விளங்கியது. என் கால் தன்னால் தரையில் பிரேக்கைத் தேடியது. என்ன சொல்லி இவரைக் காப்பாற்றுவது என்று மட்டும் தெரியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரே ஒரு சிரிப்பு. கண்ணாடிக்காரர் சுற்றிப் பார்த்தார். மேசைமேல் யாரோ சாட்சிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த உடைந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். பலகையை மறுபடி, இந்தத் தடவை கீழ் வரியோடு சேர்த்துப் படித்தார். முகம் அப்படியே இருண்டுவிட்டது. "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். இன்றைக்கு இவர் இப்படி வெளியே போனால் இனி எந்தக் கூட்டத்துக்கும் போக மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஆட்சேபணை!"

கடைசி வரிசையில் ஆட்சேபணை எழுந்து நின்றிருந்தார். ஐயோ, இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, நில்லுங்க. நீங்க தேடிட்டு வந்த கூட்டம் பிரஸ் மாடியில. ஏழு மணிக்கு. நானும் அங்கதான் போறேன்" என்றார்.

எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன பாக்கறீங்க? மாசா மாசம் கோவத்துலயா வெளிநடப்பு பண்றேன்னு நெனச்சீங்க? சும்மா எழுந்து போனா எங்க போறீங்கன்னு கேப்பீங்க. சண்ட போட்டுட்டுப் போனா யாரும் கேக்க மாட்டீங்க. ஆறு வருஷமா அப்படித்தான் போயிட்டிருக்கேன்."

ஆறு வருஷமாக நான் அந்த மனிதரைத் திட்டிய திட்டுகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. முதல் மாடி அக்காதான் முதலில் சுதாரித்தார். "அங்க சிரிச்சது யாரு?" என்று பின் வரிசையைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். பிறகு கண்ணாடிக்காரரிடம், "தம்பி, நீங்க எனக்குக் கை தட்டினீங்க. போயிட்டு வாங்க. நல்லா வருவீங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆட்சேபணை என் காதருகில் வந்தார். "தலைவரம்மா, வண்டிய எடுக்கறீங்களா? நடந்து போனா வழியில மனசு மாறிடும். நானே வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பினவன்தான்." கூட்டத்தை ஒத்திவைக்கிறேன் என்றேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என்னிடம் இருப்பது பயிற்சி வண்டி. நான் ஓட்டினேன், கண்ணாடிக்காரர் எனக்குப் பக்கத்தில், ஆட்சேபணை பின்னால். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நேர் எதிரே ஒரு மதுக்கடை, உள்ளே நல்ல வெளிச்சமாக இருந்தது.

"மேடம், இங்கயே எறக்கி விட்டுடுங்க" என்றார் கண்ணாடிக்காரர். "ஒரு நாளைக்கு ஒரு தடவ மானம் போனா போதும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வண்டியில் உட்காரும்போது எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், எனக்கு வராது, என்னை விட்டுடுங்க என்று. "இது டிரைவிங் ஸ்கூல் வண்டி. நீங்க உக்காந்திருக்கறது என்னோட எடம். உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு, பாருங்க" என்றேன். "எங்க வேணும்னாலும் மிதிங்க, வண்டி நிக்கும். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். பச்சை விழுந்தது, நான் வண்டியை எடுத்தேன். மதுக்கடை பக்கத்தில் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேலே வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரஸ் வரும்வரைக்கும் கால்களைக் கீழே இறக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் இத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு தைரியமான ஆளை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

குறுகலான மாடிப்படியில் ஆட்சேபணை முன்னால் ஏற, அவர் பின்னால் ஏறினார். எனக்கு அங்கே வேலை இல்லை, வண்டியிலேயே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. நடுவில் மேலேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்ணீர்க் கதையை ஆட்சேபணை சொல்லியிருக்கிறார். கூட்டத்திலேயே அதிகம் சிரித்தது கண்ணாடிக்காரர்தானாம்.

இறங்கி வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. தூக்கிக்கொண்டு திரிந்த எதையோ மேலேயே வைத்துவிட்டு வந்தவர்போல் கையை வீசி நடந்து வந்தார். "இங்கயும் சொன்னேன் மேடம். ரெண்டாவது தடவ அவ்வளவு கஷ்டமா இல்ல" என்றார். பிறகு, என்னிடம் போன் இல்லை, உங்களுடையதைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கை நடுங்கியதால் எண்ணை நான்தான் அழுத்தினேன், ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"நான்தான். சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க?" என்றார்.

"மொதல்ல தப்பான எடத்துல. எட்டுப் பேர் இருந்தாங்க. அப்புறம் சரியான எடத்துல. அங்க நெறைய பேர்."

"என்னன்னு சொன்ன?"

"குடிகாரன்னு." போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். "நான் குடிகாரன்னு சொன்னேன்."

போன் நின்றுவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல், ரொம்பச் சாதாரணமாக, "சாப்டியா?" என்றது.

"இல்ல."

"சரி, வா."

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்து அப்படியே நின்றார். ஆட்சேபணை கைக்குட்டையைத் தேடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். "சாப்டியான்னு கேட்டா மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். என் காதில் விழவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னார். "மூணு மாசமா கேக்கல. இப்ப கேட்டா."

ஏறுங்கள், வழி சொல்லுங்கள் என்றேன். வீட்டு வாசல் வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்.